ஸ்டைலஸுக்கு சார்ஜ் போடுறது எப்படி? காவலூர் மலையேறும் முன் இதைப் படிச்சிட்டுப் போங்க!

டேப்லெட்டில் 80 சதவிகிதம் சார்ஜ் இருக்கிறது. வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. பைனாகுலரில் பார்த்த நிலாவை அப்படியே வரைந்துவிடலாம் என்று ஸ்டைலஸை எடுக்கிறீர்கள். திரையில் ஒரு கோடுகூட விழவில்லை. பேனா செத்துப்போச்சு!

சென்னையில் இப்படி ஆனால் பெரிய விஷயமில்லை, தெருமுனைக் கடையில் ஒரு கேபிள் வாங்கிக்கலாம். ஆனால், நீங்கள் நிற்பது திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூரில். ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டு என்பதால்தான் இங்கே வைணு பாப்பு வானாய்வகமே வந்தது. 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்தக் கிரகத்துக்கு வளையங்கள் இருப்பதற்கான தடயம் இங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியிலும் பதிவானது. அப்படிப்பட்ட வானம் இது. ஆனா ஒரு அடாப்டர் வேணும்னா ஆலங்காயத்துக்கோ, வாணியம்பாடிக்கோ இறங்கணும். அதனால் கிளம்பும் முன்பே, உங்கள் கையில் இருப்பது எந்த வகைப் பேனா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சார்ஜே வேண்டாத பேனா

முதலில் நல்ல செய்தி. சாம்சங் டேப் எஸ்6 லைட்டோடு வரும் எஸ் பென்னுக்குள் பேட்டரியே கிடையாது. திரைக்கு அடியில் இருக்கும் கம்பிச்சுருள்கள் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. பேனாவுக்குள் இருக்கும் குட்டிச் சுருள் அதிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, 'நான் இங்கே இருக்கேன்' என்று பதில் சொல்கிறது. எழுத எழுத திரையே சோறு போடுகிறது, அவ்ளோதான்.

டேப் எஸ்7, எஸ்8, எஸ்9 போன்றவற்றின் எஸ் பென்னில் பேட்டரி உண்டு. டேப்லெட்டின் பின்பக்கம் ஒட்டவைத்தால் சார்ஜ் ஏறும். ஆனால் அந்த சார்ஜ், பேனாவின் பட்டனை அழுத்தி போட்டோ எடுப்பது, தூரத்திலிருந்து ஸ்லைடு மாற்றுவது போன்ற ப்ளூடூத் வேலைகளுக்கு மட்டும்தான். 'பேனாவில் சார்ஜ் இல்லை' என்று அறிவிப்பு வந்தாலும் தாராளமாக எழுதலாம், வரையலாம். இது தெரியாமல் பதறுகிறவர்கள் நிறைய பேர்.

ஆப்பிள் பென்சிலில்தான் குழப்பமே!

ஆப்பிள் பென்சில் எல்லாமே பேட்டரியில் ஓடுபவை. சார்ஜ் தீர்ந்தால் வெறும் குச்சிதான். அதைவிடக் குழப்பம், ஒவ்வொரு மாடலுக்கும் சார்ஜ் போடும் வழி வேறு வேறு.

2015-ல் வந்த முதல் தலைமுறைப் பென்சிலின் பின்மூடியைக் கழற்றினால் லைட்னிங் முனை இருக்கும். அதை ஐபேடில் நேராகச் செருகினால் ஊதுபத்தி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். யாராவது தட்டினால் உடைந்துவிடும், ஜாக்கிரதை. பெட்டியில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஓர் அடாப்டர் கொடுத்திருப்பார்கள். அதன் ஒரு பக்கம் பென்சில், மறுபக்கம் சாதாரண லைட்னிங் கேபிள். உங்களுடையது 2022-ல் வந்த 10-ம் தலைமுறை ஐபேட் என்றால் அதில் லைட்னிங் துளையே கிடையாது. டைப்-சி அடாப்டர் தனியாக வேண்டும்.

2018-ல் வந்த இரண்டாம் தலைமுறைப் பென்சிலும், 2024-ல் வந்த பென்சில் ப்ரோவும் ஐபேடின் ஓரத்தில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டே சார்ஜ் ஆகும். தடிமனான கவர் நடுவில் இருந்தால் ஏறாது, கழற்றிவிடுங்கள்.

நிறைய பேர் ஏமாறுவது 2023-ல் வந்த டைப்-சி பென்சிலில்தான். இதுவும் ஐபேடின் ஓரத்தில் ஜம்மென்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் சார்ஜ் ஆகாது! ராத்திரி முழுக்க ஒட்டவைத்துவிட்டு காலையில் எடுத்தால் அதே நிலைமைதான். பின்பக்க மூடியை இழுத்து, உள்ளே இருக்கும் துளையில் கேபிள் செருகினால்தான் உண்டு.

கரன்ட் போனால் என்ன?

மலையில் மழையும் இடியுமாக இருக்கும் நாளில் கரன்ட் போய்விட்டால் என்ன செய்வது? ஒண்ணும் பதற வேண்டாம். இந்தப் பேனாக்கள் சாப்பிடுவது ரொம்பக் கொஞ்சம். முதல் தலைமுறை ஆப்பிள் பென்சிலின் பேட்டரி 0.33 வாட்-ஹவர். 10-ம் தலைமுறை ஐபேடின் பேட்டரி 28.6 வாட்-ஹவர். அதாவது, காலியான பென்சிலை முழுசாக நிரப்ப ஐபேடின் சார்ஜில் ஏறக்குறைய 1 சதவிகிதம் போதும். கொஞ்சம் வீணாவதையும் சேர்த்தால் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுசாக ஏற்றக்கூட நேரமில்லையா? 15 விநாடி செருகினால் அரை மணி நேரம் எழுதலாம் என்கிறது ஆப்பிள்.

டேப்லெட்டிலும் சார்ஜ் கம்மி என்றால் பவர் பேங்க். கணக்குப்படி, ஒரு 10,000 எம்.ஏ.ஹெச் பவர் பேங்க் இப்படி ஒரு பென்சிலை 50 தடவைக்கு மேல் நிரப்பும். ஆனால், அதில்தான் ஒரு வில்லங்கம். பேனா இழுக்கும் மின்சாரம் ரொம்பக் குறைவு என்பதால், 'எதுவும் செருகப்படவில்லை போல' என்று நினைத்து பல பவர் பேங்குகள் தானாகவே அணைந்துவிடும். நீங்களோ, அது பாட்டுக்கு ஏறிக்கிட்டிருக்கு என்று நினைத்துத் தூங்கிவிடுவீர்கள். ப்ளூடூத் இயர்பட்ஸ், ஃபிட்னஸ் பேண்டு மாதிரி சின்னப் பொருள்களுக்காகவே சில பவர் பேங்குகளில் குறைந்த மின்சார மோடு இருக்கும். பெரும்பாலும் பட்டனை இருமுறை அழுத்தினால் அது ஆன் ஆகும். அது இல்லையென்றால், பக்கத்துத் துளையில் போனையும் செருகிவையுங்கள், பெரும்பாலும் அணையாது. டைப்-சி துளை உள்ள பேனாவுக்கு உங்கள் டைப்-சி போனே பவர் பேங்காக மாறும்.

ஆன்லைனில் வாங்கிய விலை குறைந்த பேனாவா? இரு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளைப் போட்டால் சில பேனாக்கள் அசையவே அசையாது. கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரு பக்கம் பழைய, அகலமான யு.எஸ்.பி முனை உள்ள கேபிளில் போட்டுப் பாருங்கள், ஏறும் வாய்ப்பு அதிகம். அந்தக் கேபிளையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சர்ஃபேஸ் பென் மாதிரி செல் போடும் பேனா என்றால் அதற்கு 'நாலு ஏ' செல் வேண்டும். ரிமோட்டுக்குப் போடும் 'மூணு ஏ'வைவிட அது ஒல்லி. பெட்டிக்கடையில் கிடைக்காது, கையோடு ஒன்று எடுத்துப் போங்கள்.

இருட்டில் சார்ஜ் போடும்போது இன்னொரு விஷயம். நம் கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பேனாவிலோ, பவர் பேங்கிலோ மினுக்கும் எல்.இ.டி பட்டாலே அந்தப் பழக்கம் கெடும். பைக்குள் போட்டு மூடியே சார்ஜ் செய்யுங்கள். பக்கத்தில் வானம் பார்த்துக்கொண்டிருப்பவரும் நன்றி சொல்வார்.

பேனாவைக் கொல்வது எது?

உண்மையில் ஸ்டைலஸ்கள் சாவது மலையில் இல்லை, நம்ம வீட்டு டிராயரில். டைப்-சி பென்சிலே இந்தியாவில் 7,900 ரூபாய்க்கு அறிமுகமானது, ப்ரோ 11,900 ரூபாய். வாங்கிய புதிதில் நாலு படம் வரைந்துவிட்டு மாசக்கணக்கில் மறந்துவிடுகிறோம். லித்தியம் பேட்டரி முழுசாகக் காலியான நிலையிலேயே கிடந்தால், அளவு தாண்டி இறங்கி, மறுபடி சார்ஜே ஏற்காத நிலைக்குப் போய்விடும். அந்தக் குச்சிக்குள் பேட்டரியை மாற்றுவதும் லேசில் ஆகிற வேலை இல்லை. பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை பாதி அளவுக்காவது ஏற்றி வையுங்கள். ஆப்பிள் பென்சிலில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஐபேடின் 'பேட்டரீஸ்' விட்ஜெட் காட்டும். கோடையில் வாணியம்பாடி வழியாக மலையேறும்போது காரின் டாஷ்போர்டில் வைக்காதீர்கள். வெயிலில் அங்கே ஏறும் சூடு, பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

ஏற்கெனவே ரொம்ப நாள் கிடந்து உயிர் இல்லாமல் இருக்கிறதா? ஒரு மணி நேரம் அப்படியே சார்ஜில் விடுங்கள். பிறகு ப்ளூடூத் பட்டியலில் அதன் பெயரை நீக்கிவிட்டு மறுபடி இணைத்துப் பாருங்கள். அதுக்கும் மசியலைனா சர்வீஸ் சென்டர்தான். பில் இருந்தால் கையோடு எடுத்துட்டுப் போங்க, வாரன்டி மிச்சம் இருக்கலாம்.