பிடி அரிசி

பிடி அரிசி என்பது உலையில் இட அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் சேர்த்து வைக்கும் வழக்கம் ஆகும். மிஞ்சியதைச் சேர்ப்பதன்று, சமைக்கும் முன்பே எடுத்து வைப்பது இதன் முறை. ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம் எனக் கொண்டால், நாளுக்கு ஒரு பிடி வீதம் மாதத்தில் ஒன்றரை கிலோ சேரும்.

விருதுநகரில்

விருதுபட்டி என வழங்கிய இவ்வூரில், சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடி அரிசி அளிக்கப்பட்டது. அதனால் பிள்ளைகள் கட்டணமின்றிப் படித்தனர். காமராசர் (1903–1975) அங்குப் பயின்றவர். அவரது ஆறாம் வயதில் தந்தை இறந்தார். தாய் சிவகாமி அம்மாள் தோடு தவிர மற்ற நகைகளை விற்று, பணத்தை உள்ளூர் வணிகரிடம் கொடுத்து, மாத வட்டியில் குடும்பம் நடத்தினார். எனினும் மகனின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. அவர் மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கட்டணம் இல்லாப் பள்ளி இருந்தும் வீட்டில் கையிருப்பு இல்லையேல் படிப்பு நின்றுவிடும் என்பதற்கு இது சான்று.

இன்று

சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் கூலி பெரும்பாலும் வாரந்தோறும் கிடைக்கிறது. தீபாவளிக்குப் பின் சில வாரங்கள் வேலை இராது. கைக்குழந்தை உள்ள வீட்டில் அப்போதுதான் கடன் ஏறும். எனவே வேலையுள்ள வாரங்களில், கூலி வந்த அன்றே ஒரு பங்கை எடுத்து வைப்பது பிடி அரிசி முறையே ஆகும். அஞ்சலகத் தொடர் வைப்பை மாதம் 100 ரூபாயிலும், பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்கான செல்வமகள் சேமிப்புக் கணக்கை 250 ரூபாயிலும் தொடங்கலாம். அங்கன்வாடியில் உணவும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசியும் இலவசம். அவற்றால் மிச்சமாகும் தொகையையே அந்தப் ‘பிடி’யாகச் சேர்க்கலாம்.