'குறொனிக்' என்றால் தீராதது என்றா பொருள்?

அண்மையில் அறுபது வயதைத் தாண்டிய தாயொருவர், வைத்தியசாலையிலிருந்து தமக்கு வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். இரைப்பை அழற்சி என்னும் நோயின் பெயருக்கு முன்னால் 'குறொனிக்' என்ற அடைமொழி இருந்தது. வீட்டிலிருந்த அகராதி அதற்குத் 'தீராத' என்று பொருள் கூறியிருந்தது. மூன்று இரவுகள் அவர் உறங்கவில்லை. "தம்பி, இனி இது மாறாதாமே? ஊரைப் பாராமலே போய்விடுவனோ?" என்று கேட்டார்.

அவரைப் போல் மயங்கியோர் எம்மிடையே பலர். ஆகவே இச்சொல்லைச் சற்று ஆராய்வது பயனுடையதாகும்.

'குறொனொஸ்' என்பது காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் கூறும் 'குறொனிக்கிள்' என்ற சொல்லும் அந்த வேரிலிருந்தே பிறந்தது. எனவே 'குறொனிக்' என்பது ஒரு நோய் எவ்வளவு காலமாக நிலைத்திருக்கிறது என்பதையே கூறுகிறது. அதன் கடுமையையோ, அது தீருமா என்பதையோ கூறுவதில்லை. இதற்கு எதிர்ச்சொல் 'அக்கியூட்'. திடீரெனத் தோன்றி விரைந்து முற்றும் நோய்க்கு அது வழங்கும். பண்டைய கிரேக்க வைத்தியரான அரெத்தேயுஸ் இவ்விரு வகை நோய்களையும் வெவ்வேறாகப் பிரித்தே எழுதினார்.

இன்றைய வைத்தியத்தில் இதற்குக் கால அளவும் உண்டு. ஹெப்பற்றைற்றிஸ் பி கிருமி 6 மாதங்களுக்கு மேல் உடலில் நிலைத்தால் அது 'குறொனிக்' எனப்படும். நோவு 3 மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ மீண்டும் மீண்டும் வந்தாலோ அதுவும் அவ்வாறே.

நாட்பட்டவை யாவும் தீராதவை அல்ல. நாட்பட்ட இரைப்பை அழற்சிக்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது ஹெலிகோபக்டர் பைலோரி என்னும் கிருமி. அதைக் கண்டறிந்த அவுஸ்திரேலிய வைத்தியர்கள் பரி மார்ஷல், றொபின் வொரன் ஆகியோருக்கு 2005ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அக்கிருமியை மருந்தினால் அழிக்கலாம். நாட்பட்ட ஹெப்பற்றைற்றிஸ் சி நோயையும் இன்றைய மாத்திரைகள் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணப்படுத்துகின்றன.

நோய்க்கு அப்பாலும் இச்சொல் வழங்குகிறது. வீட்டுப் பற்றாக்குறை, வேலையின்மை என ஆண்டுக்கணக்கில் தொடரும் குறைகளுக்கு இதனை அடைமொழியாக்குவர். பிரித்தானியப் பேச்சு வழக்கில் 'மிக மோசமான' என்ற பொருளிலும் சிலர் கூறுவர். குழப்பத்திற்கு அதுவும் ஒரு காரணம். நேற்றுத் தொடங்கிய கடும் வலியை வைத்தியரிடம் 'குறொனிக்' என்று கூறினால், அவர் அதைப் பழைய வலியென்றே குறித்துக்கொள்வார். அகதி விண்ணப்பத்துக்கான வைத்திய அறிக்கையில் அக்குறிப்பு இடம்பெற்றால், நீங்கள் கூறிய திகதிகளுடன் அது முரண்படக்கூடும். வலி எந்த ஆண்டு, எந்த மாதம் தொடங்கியது என்று தாய்மொழியிலேயே கூறி, மொழிபெயர்ப்பாளரிடம் விடுவதே மேல்.

இச்சொல்லுக்கு அயலில் நிற்கும் இன்னொரு சொல் எம்மை நேரடியாகவே தொடுகிறது. அது 'புறோட்றாக்டெட்' என்பது. ஒரே நாட்டைச் சேர்ந்த 25,000 அகதிகளோ அதற்கு மேற்பட்டோரோ, தஞ்சமடைந்த நாடொன்றில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ வாழ நேரின், அதனை 'நீடித்த அகதி நிலை' என்று ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயம் 2004இல் வரையறுத்தது. 1983 முதல் தமிழகம் சென்ற எம்மவரின் நிலை அந்த ஐந்து ஆண்டுகளை எப்போதோ கடந்துவிட்டது. முகாமிலே பிறந்து, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்களும் அங்குளர். எனினும் இச்சொல்லும் கழிந்த ஆண்டுகளை எண்ணுகிறதேயன்றி, முடிவே இல்லை என்று தீர்ப்புக் கூறவில்லை. அதிகாரிகள் இதைக் கூறும்போது 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று பொருள்கொள்ள நாம் இடமளிக்கலாகாது. காலம் நீண்டுவிட்டது என்பது, தீர்வு விரைந்து தேவை என்பதற்கான நியாயமேயாகும்.

தமிழில் 'நாட்பட்ட' என்ற நல்ல சொல் நம்மிடம் உண்டு. 'தீராத' என்பதை அகற்றி அதையே வழங்குவோம். அந்தத் தாயின் கடிதத்திலும் அச்சொல்லுக்கு மேலே அவ்வாறே எழுதிக் கொடுத்தோம். அடுத்த கிழமை அவர் கிருமிப் பரிசோதனைக்குச் செல்கிறார்.