கடல் கடந்து வரும் உடற்கூற்றுப் பாடம்

வயிறு என்னும் சொல் நம் வாயில் நாள்தோறும் பலமுறை வந்து போகிறது. பசி, அச்சம், பொறாமை, பெற்ற பாசம் ஆகிய அனைத்தையும் நாம் வயிற்றின்மேல் ஏற்றியே பேசுகிறோம். ஆயினும், அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை உறுப்புகள் அடங்கியுள்ளன, அவை எவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. "வயிற்றில் வலி" என்று நோயாளி கூறும்போது அவர் குறிப்பது இரைப்பையாகவும் இருக்கலாம். பித்தப்பையாகவும், குடல்வாலாகவும், சிறுநீரகமாகவும் இருக்கலாம். இவற்றுள் எது என்று பிரித்தறியும் கல்வியே வயிற்றறையின் உடற்கூறு. அக்கல்வி இன்று இணையவழிக் காணொளிப் பாடங்களாக உலகெங்கும் பரவி வருகிறது. அப்பாடங்களால் விளையும் நன்மை யாது, அவற்றின் எல்லை எது என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

இதனை ஆராய்வதற்கு ஏற்ற இடம் ஒன்று நம் நாட்டின் தென்கோடியில் உள்ளது. பெரிய நிக்கோபார்த் தீவின் கீழ்க்கரையில் அமைந்த கேம்பல் பே என்னும் சிற்றூரே அது. 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் பல மாநிலங்களிலிருந்தும் அங்குக் குடியேற்றப்பட்டன. தமிழ்க் குடும்பங்களும் அவற்றுள் அடங்கும். போர்ட் பிளேர் நகரம், 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றது, அங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. பெரிய அறுவை மருத்துவம் வேண்டுமாயின் கப்பலிலோ, ஹெலிகாப்டரிலோ, விமானத்திலோ நோயாளியை அந்நகருக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். கடல் கொந்தளித்தாலும் வானம் இருண்டாலும் அப்பயணம் தடைப்படும். ஆகவே, அங்குள்ள மருத்துவரும் செவிலியரும் நோயாளியின் வயிற்றில் கை வைக்கும்போது எழும் வினா, நோய் என்ன என்பதோடு நின்றுவிடுவதில்லை. இவரை இன்றே அனுப்ப வேண்டுமா, நாளைவரை காத்திருக்கலாமா என்பதும் அவர்கள் விடை காண வேண்டிய வினாவாகும். வயிற்றறையின் உடற்கூற்றை நன்கு அறிந்த கைக்கே அதற்கு விடை கூறும் ஆற்றல் உண்டு.

முன்பு இத்தகைய ஊரில் இருந்துகொண்டு மருத்துவ நூலறிவைப் புதுப்பித்தல் எளிதாக இருக்கவில்லை. இணைய இணைப்புச் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. ஓர் அசையும் படத்தை இடையூறின்றிக் காண்பதே அரிதாக இருந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கி வைக்கப்பெற்றது. அவ்வடம் போர்ட் பிளேரோடு நில்லாமல் கார் நிக்கோபார், கமோர்ட்டா ஆகியவற்றையும் தொட்டுப் பெரிய நிக்கோபார்வரை செல்கிறது. அதே ஆண்டில்தான் பெருந்தொற்றின் காரணமாக நாடெங்கும் மருத்துவக் கல்லூரி வகுப்பறைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டு, முதலாண்டு மாணவர்கள் தத்தம் இல்லத்திலிருந்தே உடற்கூற்றுப் பாடங்களைத் திரையில் கண்டு பயின்றனர். பிணத்தின் அருகே நின்று கற்க வேண்டிய கல்வியைத் தொலைவிலிருந்து எவ்வளவு தூரம் கற்கலாம் என்னும் வினா அப்போது அனைவர் முன்னும் நின்றது.

இவ்வினா புதியதன்று. 1543இல் வெசேலியஸ் என்னும் அறிஞர் வெளியிட்ட படங்கள் நிறைந்த உடற்கூற்று நூல், அறுவை மேசையருகே நிற்க இயலாதவர்க்கும் உடலின் உட்புறத்தைக் காட்டிற்று. 1835இல் சென்னையிலும் கல்கத்தாவிலும் மருத்துவக் கல்லூரிகள் தோன்றின. 1836இல் கல்கத்தாவில் மதுசூதன குப்தர் மனித உடலை அறுத்துக் காட்டிய நிகழ்ச்சி நம் நாட்டு மருத்துவக் கல்வியில் ஒரு திருப்பமாகக் கருதப்படுகிறது. 1858இல் லண்டனில் வெளிவந்த ஹென்றி கிரேயின் நூலுக்குப் படம் வரைந்த ஹென்றி வாண்டைக் கார்ட்டர், அதே ஆண்டில் இந்தியாவுக்குப் பணியாற்ற வந்தார் என்பது பலர் அறியாத செய்தி. தமிழுக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தி, உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்கினார். தமிழிலேயே மருத்துவம் கற்பித்தும் காட்டினார். நூலும் படமும் மொழிபெயர்ப்பும் செய்த பணியைத்தான் இன்று காணொளியும் செய்கிறது.

காணொளி சிறப்பாகச் செய்யும் பணி எது? நூலில் உள்ள படம் அசையாது. வயிற்றறையின் அமைப்போ அசைவின் விளைவாக உருவானது. கருவில் ஆறாம் வாரத்தில் நடுக்குடல் வளர்ந்து வயிற்றறையில் இடம் போதாமல் கொப்பூழ்க்கொடிக்குள் புகுகிறது. பத்தாம் வாரமளவில் அது திரும்ப உள்ளே வருகிறது. இதற்கிடையே, தனக்குக் குருதி தரும் தமனியை அச்சாகக் கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மொத்தம் 270 பாகை சுழல்கிறது. பெருங்குடலின் தொடக்கம் வலப்புறக் கீழ் மூலையில் வந்து அமர்வதும், குறுக்குப் பெருங்குடல் முன்சிறுகுடலுக்கு முன்னால் செல்வதும் இச்சுழற்சியின் பயனே. இதனைச் சொற்களால் விளக்குவோர் தம் கைகளைச் சுழற்றிச் சுழற்றி அலுத்துப்போவர். அசையும் படமோ அரை நிமிடத்தில் விளக்கிவிடும். அமெரிக்காவில் லூயிவில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆக்லண்ட், மனித உடலின் உண்மையான பகுதிகளை மெல்லச் சுழற்றிப் படம்பிடித்து உருவாக்கிய பாடங்கள் இத்துறையில் முன்னோடியாக விளங்கின. சுழலும் பொருளைக் காணும்போது முன்பின் ஆழம் கண்ணுக்குப் புலனாகும் என்பதே அம்முறையின் அடிப்படை.

மாணவர் பலர் இடர்ப்படும் மற்றொரு பகுதி பெரிட்டோனியம் என்னும் மெல்லிய உறை. அது வயிற்றுச் சுவரின் உட்புறத்தில் படிந்து, பின்னர் மடிந்து உறுப்புகளையும் போர்த்துகிறது. சிறுகுடல் இவ்வுறையின் மடிப்பு ஒன்றில் தொங்குகிறது. அம்மடிப்பு பின்சுவரில் பற்றியிருக்கும் நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். அதன் மறுகரையில் தொங்கும் குடலின் நீளமோ ஏறத்தாழ 6 மீட்டர். சேலையின் கொசுவத்தை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். இடுப்பில் ஒரு பிடி அகலத்தில் செருகப்பட்ட துணி, கீழே விரிந்து அலை அலையாக நிற்கிறது அன்றோ? நல்ல காணொளிப் பாடம் இத்தகைய மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டும். விளங்காத இடத்தை மீண்டும் மீண்டும் காணவும் இடந்தரும். ஆசிரியரை ஒரே வினாவைப் பத்து முறை கேட்கக் கூசும் மாணவர்க்கு இது பெரிய உதவி.

வானொலியில் பேசுவோர்க்குக் காட்டுவதற்குத் திரை இல்லை. ஆனால் கேட்போர் ஒவ்வொருவரிடமும் ஒரு வயிறு உண்டு. எனவே நேயர்கள் தம் கையையே கருவியாகக் கொள்ளலாம். கழுத்தின் அடியில், மார்பெலும்பின் உச்சியில் ஒரு குழி உள்ளது. அடிவயிற்றின் இறுதியில் இடுப்பெலும்பின் முன்விளிம்பு தட்டுப்படும். இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு குறுக்குக் கோடு வரைவதாகக் கற்பனை செய்க. இரைப்பையின் கீழ்வாய், கணையத்தின் கழுத்து, சிறுநீரகங்களின் வாயில் ஆகியன ஏறத்தாழ அம்மட்டத்தில் அமைந்துள்ளன. அக்கோடு வலப்புற விலா விளிம்பைத் தொடும் இடத்தில் பித்தப்பையின் அடிப்பகுதி உள்ளது. கல்லீரலின் பெரும்பகுதி விலாவுக்குள் மறைந்திருக்கிறது. உதரவிதானம் குவிமாடம்போல் மேலெழுந்து நிற்பதால், வயிற்றறையின் கூரை நாம் எண்ணுவதைவிட மிக உயரத்தில் உள்ளது. மார்பின் கீழ்ப்பகுதியில் பட்ட காயம் கல்லீரலையும் மண்ணீரலையும் தாக்கக்கூடும் என்பதற்கு இதுவே காரணம்.

மண்ணீரல் இடப்புறத்தில் 9, 10, 11ஆம் விலா எலும்புகளின் காவலில் உள்ளது. நலமுடையவரிடத்தில் அது கைக்குத் தட்டுப்படாது. மலேரியா முதலிய நோய்களில் வீங்கும்போது, அது இடப்புற விலாவின் கீழிருந்து கொப்பூழை நோக்கிச் சாய்வாக இறங்கி வருகிறது. நிக்கோபார்த் தீவுகளில் இவ்வறிவுக்கு நெடிய வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியிலிருந்து சென்று அங்குக் குடியேற முயன்ற டென்மார்க் நாட்டினரைக் காய்ச்சல் திரும்பத் திரும்ப விரட்டியது.

இனிக் குடல்வால் அழற்சியைக் காண்போம். அந்நோயின் வலி பெரும்பாலும் கொப்பூழைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது கீழ் மூலைக்கு நகர்கிறது. குடல்வால் நகர்வதில்லை; வலி மட்டும் ஏன் நகர்கிறது? குடல்வால் நடுக்குடலிலிருந்து பிறந்தது. நடுக்குடலின் உணர்ச்சியைச் சுமக்கும் நரம்புகள், கொப்பூழ்ப் பகுதித் தோலின் நரம்புகள் சேரும் தண்டுவட மட்டத்திலேயே சென்று சேர்கின்றன. ஆகவே மூளை அவ்வலியைக் கொப்பூழில் உள்ளதாகக் கொள்கிறது. பின்னர் அழற்சி பரவி வயிற்றுச் சுவரின் உட்புற உறையைத் தொட்டவுடன், அவ்விடத்திற்கே உரிய நரம்புகள் இடத்தைத் துல்லியமாக அறிவிக்கின்றன. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து கொப்பூழுக்கு ஒரு கோடு இழுத்து, முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் அழுத்தினால் நோவு மிகும். 1889இல் இதனை விவரித்த மக்பர்னியின் பெயரால் அவ்விடம் இன்றும் வழங்குகிறது. கருவளர்ச்சி, நரம்பு, உறை ஆகிய மூன்று பாடங்களும் ஒரே வலியில் ஒன்றுகூடுவதைக் காண்க. காணொளியில் இவற்றைத் தனித்தனியே கண்டு மறந்தவர், நோயாளியின் முன் அவற்றை இணைக்க இயலாது தவிப்பர்.

இங்குதான் காணொளியின் எல்லையும் தோன்றுகிறது. பாடத்தில் காட்டப்படும் குடல்வால் பெரும்பாலும் ஒரே இடத்தில் அழகாகத் தொங்கும். உண்மையில் பலரிடத்தில் அது பெருங்குடலின் பின்னே மறைந்து கிடக்கிறது. அப்போது முன்வயிற்றில் அழுத்தினால் நோவு தெளிவாகத் தெரியாமற் போகலாம். பித்தப்பைக்குச் செல்லும் தமனியும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. பாடத்திற்கெனத் தெரிந்தெடுத்துத் தூய்மை செய்யப்பட்ட ஓர் உடலைத் திரை காட்டுகிறது. பிணக்கூற்றுக் கூடத்தில் பல மேசைகளில் பல உடல்கள் பல விதமாக அமைந்திருப்பதை மாணவர் கண்ணாரக் காண்கின்றனர். வயிற்றுத் தசைகளின் மூன்று அடுக்குகளும் மூன்று திசைகளில் ஓடுவதைத் திரையில் காணலாம். விரலால் பிரிக்கும்போது அவை காட்டும் எதிர்ப்பைத் திரை உணர்த்தாது. தம் உடலைக் கல்விக்கெனக் கொடையளித்தவர் முன் நிற்கும்போது உண்டாகும் அடக்கமும் அத்தகையதே. ஆதலின் நம் நாட்டில் மருத்துவப் பட்டப்படிப்பு நேரில் பயில வேண்டியதாகவே வைக்கப்பட்டுள்ளது. தீவுகளின் மாணவர்க்கு அவ்வாய்ப்புத் தொலைவில் இல்லை. போர்ட் பிளேரில் 2015இல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது.

அங்ஙனமாயின் காணொளியைப் பயன்படுத்தும் நெறி யாது? முதலாவது, பாடத்தைக் காணுமுன் அப்பகுதியை நினைவிலிருந்து தாளில் வரைதல் வேண்டும். வரைய முடியாத இடமே கவனித்துக் காண வேண்டிய இடம். இரண்டாவது, ஒரு மணி நேரப் பாடத்தை ஒரே மூச்சில் காணாமல், பத்து நிமிடத்திற்கு ஒருமுறை நிறுத்தி, கேட்டதைத் தம் சொற்களில் உரக்கக் கூறுதல் நன்று. காண்பது எளிதாக இருப்பதால் கற்றுவிட்டோம் என்னும் மயக்கம் உண்டாகும். வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினால் அம்மயக்கம் தீரும். மூன்றாவது, திரையில் கண்ட ஒவ்வோர் உறுப்பையும் தம் உடலின்மீது விரல் வைத்துக் குறித்தல் வேண்டும். நான்காவது, திரையில் விளங்காதவற்றைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, பிணக்கூற்றுக் கூடத்திற்கோ மூத்த மருத்துவரிடமோ செல்லும் நாளில் அவற்றையே முதலில் தேடுதல் வேண்டும். ஐந்தாவது, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் நேரான தமிழ்ச் சொல்லையும் பழகிக்கொள்ளுதல் வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபாரில் நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கூறினர். நோயாளி தம் வலியைத் தாய்மொழியிலேதான் கூறுவார். "அடிவயிற்றில் சுருட்டிப் பிடிக்கிறது" என்பதற்கும் "விலாவடியில் குத்துகிறது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உடற்கூற்று மொழிக்கு மாற்றுவது மருத்துவரின் கடமை.

இக்கல்வியின் பயன் மாணவர்க்கு மட்டும் உரியதன்று. தொலைமருத்துவச் சேவைகள் பெருகியுள்ள இந்நாளில், தீவிலுள்ள செவிலியர் ஒருவர் தொலைவிலுள்ள அறுவை மருத்துவரிடம் நோயாளியின் நிலையை விவரிக்க நேரிடுகிறது. "வயிறு வலிக்கிறது" என்று அவர் கூறினால் கேட்பவர் யாதும் செய்ய இயலாது. "நேற்றிரவு கொப்பூழைச் சுற்றித் தொடங்கிய வலி இன்று காலை வலது கீழ் மூலையில் நிலைத்துவிட்டது, தொட்டால் தசை இறுகுகிறது, காய்ச்சலும் உண்டு" என்று கூறினால், மறுமுனையில் இருப்பவர் உடனே ஹெலிகாப்டருக்கு ஏற்பாடு செய்யலாம். கடலடி வடம் படத்தையும் குரலையும் கொண்டு செல்லும். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது அந்தத் தீவில் உள்ள கையே. காணொளிப் பாடத்தைத் திரையோடு விட்டுவிடாமல் கைக்குக் கொண்டுவருவோர், நோயாளியைக் காலம் தாழாமல் அனுப்பும் திறனைப் பெறுவர்.