டிரைவருக்கு ஏன் குமட்டுவதில்லை?

கொல்லிமலைக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதும் ஆரம்பிக்கும் கொண்டை ஊசி வளைவுகள், மொத்தம் 70! பாதி ஏறுவதற்குள் யாராவது ஒருவர் முகம் வெளிறி, "ஒரு பாலித்தீன் பை இருக்குமா?" என்று கேட்டுவிடுவார். ஆனால், வண்டியை வளைத்து வளைத்து ஓட்டுகிறாரே டிரைவர், அவருக்குப் பெரும்பாலும் குமட்டுவதே இல்லை. ஏன் தெரியுமா?

நம் காதுக்குள்ளே, உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்லும் ஓர் உறுப்பு இருக்கிறது. அது, 'வண்டி திரும்புகிறது' என்கிறது. செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ, 'எதுவும் அசையவில்லையே' என்கிறது. இந்த இரண்டு சேதியும் ஒத்துப்போகாதபோதுதான் வயிற்றைப் புரட்டுகிறது. டிரைவரின் கண் சாலையிலேயே இருக்கிறது. அடுத்த வளைவு வருமுன்பே அவர் உடம்பு அதற்குத் தயாராகிவிடுகிறது.

எலுமிச்சம்பழம் முகர்ந்தால் இதமாக இருக்கிறதா, தாராளமாக முகருங்கள். கூடவே, முன்பக்கமாக இடம் பிடித்து, செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டு, தூரத்துச் சாலையைப் பாருங்கள். பக்கத்தில் குழந்தை இருந்தால், அதற்கும் அந்தச் சாலையைக் காட்டுங்கள்.