கடலைப் பார்த்துப் போட்ட ஓட்டு

2025 மே 1, வியாழக்கிழமை. இரவு பத்து மணிக்கு வாக்குச்சாவடிகள் மூடப்பட்டன. அதுவரை இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள கென்ட் கவுன்ட்டி கவுன்சில் கன்சர்வேடிவ் கட்சியின் கோட்டை. 1997 முதல் 28 ஆண்டுகளாக ஆட்சி அவர்கள் கையில்தான் இருந்தது. 2021 தேர்தலில் மொத்தமுள்ள 81 இடங்களில் 62 இடங்களை வென்றிருந்தார்கள். மறுநாள் வாக்குகளை எண்ணி முடித்தபோது அவர்களுக்கு மிஞ்சியவை ஐந்தே இடங்கள்.

நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் யூகே கட்சி 57 இடங்களை அள்ளியது. லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 12, பசுமைக் கட்சிக்கு 5. நாட்டையே ஆளும் லேபர் கட்சிக்குக் கிடைத்தவை வெறும் இரண்டு. அன்றைக்குத் தேர்தல் நடந்த மற்ற ஊர்களிலும் இதே அலைதான். இங்கிலாந்து முழுவதும் 677 கவுன்சிலர்களையும் பத்து கவுன்சில்களின் ஆட்சியையும் அந்தக் கட்சி கைப்பற்றியது.

இந்த வெற்றிக்குப் பின்னால் இருந்தது கடல். பிரான்சிலிருந்து சிறு படகுகளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வரும் அகதிகள் கரையேறுவது பெரும்பாலும் கென்ட்டின் டோவர் பகுதியில்தான். அந்தப் படகுகளை நிறுத்த வேண்டும் என்ற கோபம் பலருடைய வாக்கிலும் இருந்தது. ஆனால் எல்லையைக் காப்பதும், விசா கொடுப்பதும், புகலிடம் கேட்பவர்களின் மனுக்களைப் பரிசீலிப்பதும் லண்டனில் உள்ள உள்துறை அமைச்சகத்தின் வேலை. ஒரு படகைக்கூடத் திருப்பி அனுப்பும் அதிகாரம் கவுன்ட்டி கவுன்சிலுக்குக் கிடையாது.

அப்படியானால் அதன் வேலைதான் என்ன? சுமார் 16 லட்சம் பேருக்கு, வீட்டு வாசலிலிருந்து தொடங்கும் வேலைகள். சாலைப் பள்ளங்களை மூடுவது, நூலகங்களை நடத்துவது, பள்ளிகளில் இடம் ஒதுக்குவது, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது, தானாக எழுந்து குளிக்க முடியாத முதியவர்களுக்குப் பராமரிப்பு ஏற்பாடு செய்வது. வீட்டுக் குப்பையை எடுப்பது கீழ்நிலையில் உள்ள டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். எடுத்த குப்பையை அழிப்பது கவுன்ட்டி கவுன்சில். வரிப் பணத்தில் பெரும்பகுதியை விழுங்குவது முதியோர் பராமரிப்பும் குழந்தைகள் நலமும்தான். இவை இரண்டும் சட்டப்படி செய்தே தீர வேண்டியவை. எந்தக் கட்சி வந்தாலும் கைகழுவ முடியாது.

இதில் ஒரு முக்கியமான முடிச்சு இருக்கிறது. பெற்றோரோ உறவினரோ இல்லாமல் தனியாக வந்து இறங்கும் குழந்தைகளைப் பராமரிக்கும் கடமை, 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, அவர்கள் வந்து சேர்ந்த ஊரின் கவுன்சிலுக்கே உரியது. கென்ட் இதில் திணறியது. புதிதாக வரும் பிள்ளைகளை ஏற்கச் சில சமயம் மறுத்தது. உள்துறை அமைச்சகம் அவர்களை ஹோட்டல்களில் தங்கவைத்தது. 2023 ஜூலையில் உயர் நீதிமன்றம் இரு தரப்பின் செயலும் சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. படகை நிறுத்தக் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை. படகில் வந்த பிள்ளைக்குச் சோறும் கூரையும் தரும் கடமை மட்டும் உண்டு. வாக்குக் கேட்டு வந்தவர்கள் இதை மக்களிடம் தெளிவாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

தேர்தலுக்குப் பின் கென்ட் கவுன்சிலின் புதிய தலைவராக லிண்டன் கெம்கரன் பொறுப்பேற்றார். அமெரிக்காவில் ஈலான் மஸ்க் முன்னின்ற சிக்கன நடவடிக்கையின் பெயரையே சூட்டிக்கொண்ட ரிஃபார்ம் கட்சிக் குழு ஒன்று, வீண்செலவைக் கண்டுபிடிக்க ஜூன் மாதமே கென்ட்டுக்கு வந்தது. அக்டோபரில் உட்கட்சிக் கூட்டத்தின் காணொளி ஒன்று வெளியே கசிந்தது. கவுன்சிலர்களுக்குள் இருந்த பூசல் சந்திக்கு வந்தது. சிலர் கட்சியிலிருந்து விலக்கப்பட்டார்கள். வீண்செலவை வெட்டுவதாகச் சொல்லி ஜெயிப்பது எளிது. முதியோர் பராமரிப்புக்கே பணம் போதாத ஒரு கவுன்சிலில் எதை வெட்டுவது என்பதுதான் கேள்வி.

வாக்களிக்கவே முடியாமல் போனவர்களும் உண்டு. கவுன்ட்டி, டிஸ்ட்ரிக்ட் என்ற இரட்டை அடுக்கை ஒழித்து ஒரே கவுன்சிலாக்கும் திட்டத்தை அரசு 2024 டிசம்பரில் அறிவித்தது. அதைக் காரணம் காட்டி எசெக்ஸ், சரே, நார்ஃபோக் உள்ளிட்ட ஒன்பது பகுதிகளில் 2025 தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கு என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதவிக்காலம் முடிந்தும் நாற்காலியில் நீடித்தார்கள். நிர்வாக வசதிக்காக மக்களின் வாக்கை ஒத்திப்போடுவது தவறு.

ஒரு வாக்கின் கனத்தை அறிய நார்தம்பர்லாந்து கவுன்ட்டி கவுன்சிலைப் பார்க்கலாம். 2017 தேர்தலில் அங்கே 67 இடங்களில் 33 கன்சர்வேடிவ்களுக்கு. பெரும்பான்மைக்கு ஒன்று குறைவு. தெற்கு பிளைத் தொகுதியில் இருவர் சம வாக்குகள் பெற்றார்கள். திரும்ப எண்ணியும் மாறவில்லை. கடைசியில் குச்சி இழுத்து முடிவு செய்தார்கள். லிபரல் டெமாக்ரட் வேட்பாளருக்கு அதிர்ஷ்டம். கன்சர்வேடிவ் கட்சிக்குப் பெரும்பான்மை போயிற்று. இன்னும் ஒரே ஒருவர் வாக்குச்சாவடிக்குப் போயிருந்தால் குச்சிக்கு வேலையே இருந்திருக்காது. அப்படியும் இத்தகைய தேர்தல்களில் வாக்காளர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

இங்கிலாந்தில் வாழும் தமிழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள் என்பதால், அந்நாட்டுக் குடிமக்களாக இருந்து, சட்டப்படி அங்கே வசிக்கும் 18 வயது நிரம்பியவர்கள் பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமலேயே வாக்களிக்கலாம். மாணவர் விசாவில் இருப்பவருக்கும் இது பொருந்தும். 2023 முதல் இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் கேட்கிறார்கள்; இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டே போதும். ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே அந்தப் பதிவு முடிந்துவிடும். அங்கே இருக்கும் உங்கள் பிள்ளைகளிடமும் உறவினர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.