மருந்துச் சீட்டில் ஓர் ஆங்கிலப் பாடம்

ஆங்கிலம் கற்க விழைவோர் நம் பங்குக் குடும்பங்களில் பலர் உளர். பருமனான இலக்கண நூலை வாங்கி, மூன்றாம் நாளே அதை அலமாரியில் வைத்துவிடுவோரும் பலர். மேசை இழுப்பறையில் கிடக்கும் மருந்துச் சீட்டை மட்டும் எவரும் பாடநூலாகக் கருதுவதில்லை. அது மிக நல்ல பாடநூல் என்பது நம் எண்ணம். அதைத் தவறாகப் படித்தால் குறைவது மதிப்பெண் அன்று, உடல்நலம்.

சீட்டின் தலைப்பில் 'ஆர்' என்னும் எழுத்தின் காலில் கோடிட்ட குறி ஒன்றைக் காண்கிறோம். 'ரெசிப்பே' என்னும் இலத்தீன் ஏவல் வினையின் சுருக்கம் அது. 'எடுத்துக்கொள்' என்று பொருள். சமையற் குறிப்பைச் சுட்டும் 'ரெசிப்பி'யும் இச்சொல்லே. 'பி.டி.' என்றால் 'பிஸ் தியே', நாளுக்கு இருமுறை. 'டி.டி.எஸ்.' என்றால் மும்முறை. 'எச்.எஸ்.' என்பது 'ஹோரா சோம்னி', உறங்கும் நேரம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962-65) முன் இலத்தீனில் செபம் சொல்லிப் பழகிய தலைமுறைக்கு இவை அயற்சொற்கள் அல்ல. அருள்நிறை மந்திரத்தில் 'ஹோரா' வருகிறது. பரலோக மந்திரத்தில் 'இன்று' எனப் பொருள்படும் 'ஹோதியே'யினுள் அந்தத் 'தியே' இருக்கிறது. உணவுக்கு முன் என்பதைக் குறிக்கும் 'ஏ.சி.', பின் என்பதைக் குறிக்கும் 'பி.சி.' ஆகியவற்றின் முதலெழுத்துக்களே, கடிகாரம் பார்த்து நாம் சொல்லும் ஏ.எம்., பி.எம்.மிலும் உள்ளன. 'எஸ்.ஓ.எஸ்.' என்பதைக் கண்டு, மூழ்கும் கப்பல் அனுப்பும் அபாயக்குறியென அஞ்ச வேண்டாம். தேவைப்பட்டால் மட்டும் உட்கொள்க என்பதே அதன் பொருள்.

தமிழில் பகுதி, விகுதி பிரித்துப் பழகிய நமக்கு நோய்ப்பெயர்கள் எளியவை. 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி: டான்சிலைட்டிஸ், அப்பெண்டிசைட்டிஸ். 'எக்டமி' என்று முடிந்தால் வெட்டி நீக்குதல். ஆயினும் சொல்லின் முன்னே நிற்பவற்றில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 'ஹைப்பர்' என்பது மிகுதி. 'ஹைப்போ' என்பது குறைவு. நீரிழிவு நோயாளிக்கு வியர்த்து, கை நடுங்கும்போது, இரத்தத்தில் சர்க்கரை குறைந்த 'ஹைப்போகிளைசீமியா'வாக அது இருக்கக்கூடும். நினைவோடு விழுங்க முடிந்த நிலையில் அவருக்கு உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். இதனை 'ஹைப்பர்' எனப் பிறழக் கொண்டு, "சர்க்கரை நோயாளிக்கு இனிப்பா?" என்று தடுத்தால் உயிருக்கே இடர். ஓர் எழுத்து செய்யும் வேலை இது!

'பேஷண்ட்' என்னும் சொல் பெயராக வந்தால் நோயாளி; பெயரடையாக வந்தால் பொறுமையுள்ளவர். துன்புறுதல் என்னும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது அது. ஆண்டவரின் பாடுகளைச் சுட்டும் 'பேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே வேர். (மருத்துவமனையில் மணிக்கணக்காகக் காத்திருப்போர் இரு பொருளுக்கும் உரியவரே.)

இனி இலக்கணம். தமிழில் "எனக்குக் காய்ச்சல்" என்று நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம். ஆங்கிலத்திலோ நோயாளி எழுவாயாகி, காய்ச்சலை உடையவராகிறார். "ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்" என்பது நம்மவர் வழக்கமாகச் சொல்வது. "ஐ ஹேவ் ஹேட் ஃபீவர் ஃபார் டூ டேஸ்" என்பதே செம்மை. கால அளவுக்கு 'ஃபார்'. தொடங்கிய நாளுக்கு 'சின்ஸ்', அதாவது 'சின்ஸ் மண்டே'. 'டயாபெட்டீஸ்', 'மீசில்ஸ்' ஆகியவை 'ஸ்' என்று முடியினும் ஒருமையே, 'ஆர்' சேர்க்கலாகாது. அயல்நாட்டுப் பணிக்கென ஓ.இ.டி. தேர்வு எழுதும் நம் செவிலியர்க்கு இவை சிறு பிழைகள் அல்ல.

பெனிசிலின் ஒவ்வாதவர் எவரேனும் வீட்டில் இருந்தால், "ஐ ஆம் அலர்ஜிக் டு பெனிசிலின்" என்னும் வாக்கியத்தைச் சிறு அட்டையில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். வெளியூரில், மொழி அறியாத மருத்துவர் முன் அவர் நினைவிழந்து கிடந்தாலும் அந்த அட்டை பேசும்.