மென்பொருள் இடமாற்றத்தில் வழுவும் வழுவமைதியும்

மக்கள் வழுப்படப் பேசினும் கேட்போர் குறிப்பால் பொருளுணர்ந்து கொள்வர். கணிப்பொறிக்கு அத்தகைய குறிப்புணர்வு இல்லை. நிரலின் இலக்கணம் ஓரிடத்துப் பிறழினும் அது மேற்செல்லாது நின்றுவிடும். வியப்பிற்குரியது யாதெனின், ஓர் இயங்குதளத்தில் வழாநிலையாய் நின்ற நிரலே மற்றோர் இயங்குதளத்திற்குக் கொண்டுசெல்லப்படும்போது வழுவுடையதாகிவிடுகின்றது என்பதாம். அவ்வழு தோன்றுமாறும், அதனைக் கண்டு களையுமாறும், களையாது அமைத்துக்கொள்ளத்தக்க இடங்களும் ஈண்டு ஆராயப்படும்.

1. ஆய்வுக் களம்

தோல் தொழிலாற் பெயர்பெற்ற ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியை அடுத்து, ஜவ்வாது மலையின் அடியில் அமைந்த ஊர் ஆலங்காயம். அதனை அடுத்த மலைப்பகுதியில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ளது காவலூர். வானியலறிஞர் வைணு பாப்பு 1960களில் தேர்ந்த இவ்விடத்தில் 1972இல் ஒரு மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கியும், 1986இல் 2.34 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கியும் நிறுவப்பெற்றன. 4130 என்னும் எண்ணுடைய சிறுகோள் 1988இல் இங்குக் கண்டறியப்பட்டுக் கணித மேதை இராமானுசன் பெயரைப் பெற்றது. இன்று வைணு பாப்பு வானாய்வகம் எனப்படும் இதனை இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்தி வருகின்றது.

தொலைநோக்கி தரும் பதிவு அப்படியே பயன்படுவதன்று. கருவியின் மாசும் வானொளியின் கலப்பும் நீக்கப்பட்ட பின்னரே விண்மீனின் உண்மை ஒளி புலனாகும். இப்பணிக்குக் காவலூர்ப் பதிவுகளை ஆய்ந்தோர் பலர் கையாண்ட மென்பொருள் ‘ஐராஃப்’ என்பது. அமெரிக்காவில் டூசான் நகரில் இருந்த தேசிய ஒளியியல் வானாய்வு நிறுவனத்தார் இதனை 1980களின் தொடக்கத்தில் ஆக்கத் தொடங்கினர். 2013இல் அவர்தம் பணி நின்றது. மூல நிரல் கிடைத்தமையால் வானியலாளர் குழுவினர் அதனைத் தம் பொறுப்பில் ஏற்றுக் காத்து வருகின்றனர். முப்பது ஆண்டுகட்கு முன் எடுக்கப்பெற்ற பதிவொன்றை அக்காலத்து முறையிலேயே மீண்டும் சோதித்து முடிபை உறுதி செய்ய வேண்டின், இம்மென்பொருள் இன்றைய பொறியில் இயங்குதல் வேண்டும். ஓலை இருந்தும் எழுத்துப் படிப்பார் இலராயின் நூல் இருந்தும் இல்லாததாகும். பதிவின் நிலையும் அதுவே.

2. உரைக்கு உரை போன்ற அடுக்கு

மனிதர் எழுதும் மூல நிரலைப் பொறிமொழியாக மாற்றுவது கம்பைலர் எனப்படும் தொகுப்பி. தொகுத்த பகுதிகளை ஒன்றுசேர்ப்பது இணைப்பி. ஐராஃபில் இவ்வழி இன்னும் நீண்டது. அதன் பெரும்பகுதி அதற்கெனவே வகுக்கப்பட்ட மொழியொன்றில் எழுதப்பட்டுள்ளது. அது முதலில் ஃபோர்ட்ரான் மொழியாகவும், லினக்ஸ், மேக் ஆகிய தளங்களில் பின்னர்ச் சி மொழியாகவும் பெயர்க்கப்பட்டு, அதன் பின்னரே பொறிமொழியாகின்றது. எனவே, சித் தொகுப்பி சுட்டும் பிழை மூலத்தில் இல்லாத ஒரு வரியின் எண்ணோடு வருதலும் உண்டு. உரையிற் கண்ட பிழைக்கு மூலபாடத்தை நாடுவது போலப் பின்னோக்கிச் சென்றே பிழையின் பிறப்பிடத்தை அறிதல் வேண்டும்.

இதனை ஆக்கியோர் இடமாற்றத்தை முன்னரே கருதியவர். இயங்குதளத்தோடு நேரே உறவாடும் பகுதிகளை ஒரு சிறு உட்கருவாகத் தனியே ஒதுக்கி, ஏனைய அனைத்தும் அவ்வுட்கருவின் வழியே பேசுமாறு அமைத்தனர். ஆதலின் புதிய தளத்திற்குப் பெயரும்போது பெரும்பாலும் அச்சிறு பகுதியை மாற்றினாற் போதும். செயலியின் நிலையைக் காத்து மீட்கும் ஒரு சிறு கூறு மட்டும் அச்செயலியின் சொந்த மொழியிலேயே எழுதப்பட்டுள்ளது. ஆப்பிள் நிறுவனத்தார் 2020இல் புதுவகைச் செயலிக்கு மாறியபோது அக்கூறும் அதற்கேற்பப் புதிதாக வேண்டப்பட்டது.

3. வழுக்களின் வகை

சொல்லிலக்கண உரையாசிரியர்கள் வழுவைத் திணை, பால், இடம், காலம், செப்பு, வினா, மரபு என எழுவகைப்படுத்துவர். இவ்வேழும் நிரலுக்கு ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பது எம் கருத்தன்று. சான்றாக, இலக்கணத்து இடமாவது தன்மை, முன்னிலை, படர்க்கை. அதனைக் கோப்பு இருக்கும் இடத்தோடு மயக்குதல் கூடாது. எனினும் மூன்று வகைகள் பிழை காண்பார்க்கு நல்ல துணையாகின்றன.

முதலாவது, பால்வழு போல்வது. எழுவாயும் பயனிலையும் இயையாமை போல, ஒரு செயற்கூறு வேண்டும் மதிப்பின் வகையும் அதற்குத் தரப்படும் மதிப்பின் வகையும் இயையாதொழிவது. முழுவெண் வேண்டிய இடத்துப் பின்னவெண் வருதல் இதன்பாற்படும்.

இரண்டாவது, காலவழு போல்வது. முற்காலத்துத் தொகுப்பி ஏற்றுக்கொண்டதை இக்காலத்துத் தொகுப்பி மறுப்பது. அறிவிக்கப்படாத செயற்கூற்றை அழைத்தல் பழைய சி மொழியில் ஒப்பப்பட்டது. 1999ஆம் ஆண்டுத் தரம் அதனை விலக்கிற்று. ஆயினும் தொகுப்பிகள் நெடுங்காலம் எச்சரிக்கையோடு விடுத்து, 2020 முதலே ஒவ்வொன்றாகப் பிழையெனக் கொண்டன, ஜி.சி.சி. தொகுப்பி 2024இல் வந்த 14ஆம் பதிப்பில் அவ்வாறு கொண்டது.

மூன்றாவது, மரபுவழு போல்வது. யானைக் குட்டியைக் கன்று என்பது மரபாதல் போல ஒவ்வொரு தளத்திற்கும் ஒரு வழக்கு உண்டு. யூனிக்ஸ் வழித் தொகுப்பிகள் பல, ஃபோர்ட்ரான் செயற்கூற்றின் பெயர் இறுதியில் ஓர் அடிக்கோட்டை இயல்பாகச் சேர்க்கும். சில தொகுப்பிகள் சேர்ப்பதில்லை. இவ்வேறுபாட்டால் பெயர் காணப்படவில்லை என்று இணைப்பி நின்றுவிடும். லினக்ஸ் தளம் ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் வேறெனக் கொள்ளும். மேக் தளத்தின் இயல்பான அமைப்பு ஒன்றெனக் கொள்ளும். மேக் தளத்தில் ஒழுங்காய்த் தொகுக்கப்பட்ட நிரல், லினக்ஸ் தளத்தில் தலைப்புக் கோப்பு இல்லை என்னும் பிழையைத் தருவது இதனாலேயாம்.

4. வழுவமைதியாவது யாது?

வழுவாயினும் ஒரு காரணம்பற்றி ஏற்றுக்கொள்வது வழுவமைதி. உவப்பினால் பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பது போல்வது அது. பழைய ஃபோர்ட்ரான் நிரல்களில், ஒரே செயற்கூற்றிற்கு ஓரிடத்தில் முழுவெண் வரிசையும் மற்றோரிடத்தில் பின்னவெண் வரிசையும் தருதல் அறிந்தே செய்யப்பட்ட வழக்கு. ஜி.சி.சி. 10ஆம் பதிப்பு 2020இல் இதனைப் பிழையாக்கிற்று. எனினும் எச்சரிக்கையாகக் குறைத்துக்கொள்ள ஒரு விருப்பக் குறியும் தந்தது. எழுதியோர் கருத்து அறியப்பட்டவிடத்து அக்குறியை இடுதல் வழுவமைதியேயாம்.

ஆனால், அறிவிப்பின்மைப் பிழையை அவ்வாறே அடக்குதல் அமைதியாகாது. அறிவிக்கப்படாத செயற்கூறு 32 இருமவெண் அளவுள்ள முழுவெண்ணைத் தரும் என்று பழைய தொகுப்பி கருதிக்கொள்ளும். 64 இருமவெண் தளத்தில் அது தருவது நினைவக முகவரியாயின், முகவரியின் மேற்பாதி வெட்டுண்டு போகும். காரணம் காட்டாது எச்சரிக்கையை மறைப்பது வழுவைப் போக்குவதன்று, வழுவை ஒளிப்பதேயாகும்.

5. பேசாத வழு

தொகுப்பி சுட்டும் பிழையைவிட அது சுட்டாத பிழையே கொடியது. எண்ணின் பகுதிகளை நினைவகத்தில் வரிசைப்படுத்தும் முறை செயலிதோறும் வேறுபடும். வாக்ஸ் பொறி சிறுமதிப்புடைய பகுதியை முன்வைத்தது. சன் நிறுவனத்தின் ஸ்பார்க் பொறி பெருமதிப்புடையதை முன்வைத்தது. வானியலாரின் பொதுவடிவமாகிய ‘ஃபிட்ஸ்’ பெருமதிப்பு முன்வரும் முறையையே விதித்துள்ளது. இவ்வேற்றுமையைக் கருதாத நிரலும் பிழையின்றித் தொகுக்கப்படலாம். அது காட்டும் விண்மீனொளி மட்டும் பொய்யாகும். எனவே, தொகுப்பு முடிந்தமை பணி முடிந்தமையன்று. விடை முன்னரே அறிந்த பழம்பதிவொன்றைப் புதிய பொறியில் ஆய்ந்து, பழைய முடிபோடு ஒப்புநோக்கிய பின்னரே இடமாற்றம் நிறைவுறும்.

6. பிழை காணும் நெறி

மேற்கூறியவற்றால் பெறப்படும் நெறி வருமாறு. தொகுப்பின்போது எழும் செய்திகள் அனைத்தையும் கோப்பில் சேமித்தல் வேண்டும். இறுதிப் பிழையை விடுத்து முதற் பிழையையே முதலில் நோக்குதல் வேண்டும். ஒரு தலைப்புக் கோப்பு கிட்டாமையே நூறு பிழைகளாக விரியக்கூடும். பிழை பெயர்ப்பில் எழுந்ததோ, தொகுப்பில் எழுந்ததோ, இணைப்பில் எழுந்ததோ என நிலையைத் துணிதல் வேண்டும். ஒருமுறைக்கு ஒரு திருத்தமே செய்து மீண்டும் தொகுத்தல் வேண்டும். செய்த திருத்தத்தையும் அதன் காரணத்தையும் எழுதி, மூல நிரலைக் காப்போர்க்கு அனுப்புதல் வேண்டும். இல்லையேல் அடுத்து வருவோர் அதே பிழையில் மீண்டும் இடருவர்.

இந்நெறி தமிழாய்வாளர்க்குப் புதிதன்று. சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறித்து, திருத்தத்திற்குக் காரணம் காட்டிப் பதிப்பித்த மரபு நம்முடையது. பதிப்பாசிரியன் தன் திருத்தத்தை மறைப்பின் பின்வருவோர்க்கு மூலம் கெடும். காவலூரில் பதிவான ஒளியும் அத்தகைய மூலமே. அதனைப் படிக்கும் நிரலைப் பிழையறப் பெயர்ப்பதும் பதிப்புப் பணியின் பாற்படும் என்பது இதனாற் போதரும்.